லீற்றருக்கு எத்தனை ஓடும்? அக்வா, ஃபிட், நோட், வேகன் ஆர்

2025.03.08, யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு வாசகர்

பழைய ஜப்பான் கார் ஒண்டு எடுக்க யோசிக்கிறன். கற்றலொக்கில லீற்றருக்கு ரொயோட்டா அக்வா 37 கிமீ, நிசான் நோட் இ-பவர் 37.2, ஹொண்டா ஃபிட் ஜிபி5 36.4, சுசுகி வேகன் ஆர் 33.4 எண்டு கிடக்கு. ஓடுறவையிட்ட விசாரிச்சா ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகினம். வேகன் ஆர் 660 சிசி, சின்ன எஞ்சின், அதுதான் கூட ஓட வேணும் எண்டது என்ர எண்ணம். பிழையோ? தினம் பள்ளிக்கூடம், சந்தை எண்டு 6 கிமீ. மாசத்தில ஒருக்கா கொழும்பு போய் வாறது. எதை எடுக்கலாம்?

2025.03.08, இரவு

நீங்கள் எழுதிய நாலு எண்ணும் ஜேசி08 என்ற ஒரே சோதனை முறையில் வந்தவை. அந்த அளவில் ஒப்பிடலாம். ஆனால் ஒரே மொடலுக்குள் ‘தரம்’ (கிரேட்) என்று பல வகை உண்டு, நாலும் ஒரே மாதிரியான தரத்தின் எண்கள் இல்லை. ஃபிட்டின் 36.4 அடித்தரத்துக்கு மட்டும் உரியது. அந்தத் தரத்தில் பெற்றோல் தாங்கி 32 லீற்றர், மற்றவற்றில் 40. ‘எஃப்’, ‘எல்’ தரங்களுக்கு ஹொண்டா கொடுத்தது 33.6. நோட்டின் 37.2 ‘எஸ்’ தரத்துக்கு. ‘எக்ஸ்’, ‘மெடலிஸ்ட்’ என்றால் 34.0.

தாங்கியை ஏன் சின்னதாக்கினார்கள்? ஜேசி08 சோதனையில் வாகனம் உருளைகளின் மேல் ஓடும். வாகனத்தின் எடையை உருளையில் ஏற்றும்போது கிலோ கிலோவாக ஏற்றுவதில்லை, படி படியாகத்தான் ஏற்றுவார்கள். 971 முதல் 1080 கிலோ வரை ஒரு படி, 1081இல் இருந்து அடுத்த படி. 1080இல் நிற்கும் கார் கீழ்ப்படியில் ஓடும், 1090 உள்ளது மேற்படிக்குப் போய்விடும். 10 கிலோ வித்தியாசம் கற்றலொக்கில் லீற்றருக்கு 3 கிமீ வித்தியாசமாகத் தெரியும். 2017இல் அக்வாவைப் புதுப்பித்தபோது நடந்தது இதுதான். ‘எல்’ தரம் 38.0 ஆனது. ‘எஸ்’, ‘ஜி’ தரங்கள் 37.0இல் இருந்து 34.4க்கு இறங்கின. எஞ்சின் கெட்டுப்போகவில்லை. எடை கோட்டைத் தாண்டிவிட்டது.

ஆகவே முதல் வேலை: ஏலத்தாளில் (ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது காரின் விவரம் எழுதிய தாள்) மொடல் குறியீட்டோடு தரத்தின் பெயரையும் பாருங்கள். தரம் தெரியாமல் கற்றலொக் எண்ணைச் சொல்லுபவரின் கணக்கை விட்டுவிடலாம்.

2025.03.09

சோதனை முறை மூன்று இருக்கிறது. விளம்பரங்களில் மூன்றும் கலந்து கிடப்பதால் பலர் ஏமாறுகிறார்கள்.

10-15 முறை பழையது. 4.16 கிமீ, சராசரி வேகம் 22.7, உச்சம் 70. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகுதான் அளப்பார்கள். ஜேசி08 என்பது 8.17 கிமீ, சராசரி 24.4, உச்சம் 81.6. இதில் குளிர்ந்த எஞ்சினுக்கு 25 வீதம், சூடான எஞ்சினுக்கு 75 வீதம் பங்கு. 2018 ஒக்ரோபரில் இருந்து டபிள்யூஎல்டிசி. ஜப்பானில் அதன் அதியுயர் வேகப் பகுதியை விட்டுவிட்டு மூன்று பகுதியை ஓட்டுகிறார்கள். ஏறக்குறைய 15 கிமீ, உச்சம் 97.4, தொடக்கம் முழுக்கக் குளிர்ந்த எஞ்சினில்.

2011 டிசம்பரில் அக்வா வந்தபோது 10-15இல் 40.0, ஜேசி08இல் 35.4. ஒரே கார். மூன்றாம் தலைமுறை பிரியஸ் ‘எஸ்’ 10-15இல் 35.5, ஜேசி08இல் 30.4. பழைய பிரியஸின் 35.5ஐயும் ஃபிட்டின் 33.6ஐயும் பக்கத்தில் வைத்தால் பிரியஸ் வென்றதுபோல் தெரியும். ஒரே முறைக்குக் கொண்டுவந்தால் ஃபிட் மேலே நிற்கும்.

ஜேசி08 எண்ணை 0.8ஆல் பெருக்கினால் டபிள்யூஎல்டிசிக்குக் கிட்ட வரும்.

2025.03.10

நேற்று எழுதிய 0.8 எல்லாக் காருக்கும் ஒத்துவராது. இரண்டு முறையிலும் எண் உள்ள கார்களை எடுத்துச் சரிபார்த்தால் (முதலில் ஜேசி08, பிறகு டபிள்யூஎல்டிசி):

அக்வா முதல் தலைமுறை ‘எஸ்’: 34.4, 27.2. விகிதம் 0.79.
பிரியஸ் நாலாம் தலைமுறை ‘எஸ்’: 37.2, 30.8. விகிதம் 0.83.
ஃபிட் 2020 இ:எச்இவி ‘பேசிக்’: 38.6, 29.4. விகிதம் 0.76.

அக்வாவுக்கும் பிரியஸுக்கும் நடுவிலேயே 4 புள்ளி வித்தியாசம். 38 ஓடும் காரில் அது லீற்றருக்கு ஒன்றரை கிமீ. மாற்றிப் பெருக்குவதை விட்டுவிட்டு, டபிள்யூஎல்டிசி எண் இருக்கும் காரை அதே எண் இருக்கும் காரோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

2025.03.10, மாலை

660 சிசி விடயத்துக்கு வருவோம். எஞ்சின் சின்னது என்பதற்காகப் பெற்றோல் குறைந்துவிடாது. வேகத்தைக் கூட்ட எவ்வளவு சக்தி வேண்டும், பிரேக் பிடிக்கும்போது அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது, எஞ்சின் எந்தச் சுமையில் வேலை செய்கிறது, இந்த மூன்றும்தான் தீர்மானிக்கும்.

வேகன் ஆர் எம்எச்55எஸ் 800 கிலோவுக்கும் குறைவு. அதுதான் அதன் பலம். ஆனால் உயரம் 1650 மிமீ, முகப்பு செங்குத்து. 80க்கு மேல் காற்று பிடித்துத் தள்ளும். ‘ஹைபிரிட்’ (எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) என்று பின்னால் எழுதியிருந்தாலும் அதன் மோட்டார் 3.1 குதிரைச்சக்திதான். நின்று எடுக்கும்போது 13 கிமீ வேகத்துக்குள், கூடியது 10 விநாடிக்கு மட்டும் தனியே இழுக்கும். அக்வாவின் மோட்டார் 61 குதிரைச்சக்தி. பிரேக்கில் திரும்ப வாங்கும் சக்தியும் அந்த அளவுக்கு வேறுபடும். இரண்டையும் ஒரே ‘ஹைபிரிட்’ என்ற சொல்லுக்குள் போட்டு ஒப்பிடக்கூடாது.

2025.03.12

நாலு காரின் பொறிமுறையும் நாலு விதம்.

அக்வா, ரொயோட்டாவின் மற்ற ஹைபிரிட்களான பிரியஸ், யாரிஸ்: எஞ்சினின் சக்தி பிரிந்து ஒரு பங்கு நேரே சில்லுக்கும் ஒரு பங்கு ஜெனரேற்றருக்கும் போகும். நகரத்திலும் வெளியிலும் சமாளிக்கும்.

நோட் இ-பவர்: எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடுப்பே இல்லை. எஞ்சின் மின்சாரம் செய்யும், மோட்டார் ஓட்டும். நிறுத்தி நிறுத்திப் போகும் தெருவில் அருமை. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகும்போது சக்தி இரண்டு தடவை உருமாறுவதால் இழப்புக் கூடும்.

ஃபிட் ஜிபி5: இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிக்குள் மோட்டார். எஞ்சின் நேரே இழுப்பதால் வெளித்தெருவில் நல்ல கணக்கு வரும். ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் நழுவிச் சூடேறும். பிரேக் பிடித்து நின்று, இடைவெளி வந்தபின் ஒரேயடியாக எடுக்க வேண்டும். அக்ஸிலேற்றரை மெல்ல மிதித்து ஏற்றத்தில் காரைப் பிடித்துவைப்பது கூடவே கூடாது.

வேகன் ஆர்: வழமையான எஞ்சினும் சிவிடியும் (படியில்லாத தானியங்கிக் கியர்), கூடச் சின்ன மோட்டார்.

டபிள்யூஎல்டிசியில் நகரம், புறநகர், நெடுஞ்சாலை மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கிறார்கள். ஜப்பானியத் தாளில் ஷிகாய்ச்சி, கோகாய், கோசொகு டோரோ என்று வரும். புதிய தலைமுறைகளில்:

யாரிஸ் ஹைபிரிட் ‘எக்ஸ்’ (மொத்தம் 36.0): 37.5, 40.2, 33.4
ஃபிட் ‘பேசிக்’ (29.4): 30.2, 32.4, 27.4
நோட் ‘எக்ஸ்’ (28.4): 28.0, 30.7, 27.2

மூன்றிலும் நடு எண்தான் உச்சம். சாதாரணப் பெற்றோல் காரில் நெடுஞ்சாலை எண் பொதுவாக நகர எண்ணைவிட நன்றாக மேலே நிற்கும். ஹைபிரிட்டில் அது புரண்டு கிடக்கும். நீங்கள் மாதத்தில் ஒருமுறை கொழும்பு போவதால் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்.

2025.03.13

திருத்தம். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஏ9 வழியே போகிறவர் மூன்றாவது எண்ணைப் பார்க்கக்கூடாது, இரண்டாவதைப் பார்க்க வேண்டும். நகருக்கு வெளியே கார்களுக்குச் சட்ட வேகம் 70. டபிள்யூஎல்டிசியின் புறநகர்ப் பகுதியின் உச்சம் 76.6. மூன்றாவது எண் 100 ஓடும் அதிவேகப் பாதைக்காரருக்கு உரியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 70இல் இருந்து 100 ஆனால் அது இரண்டு மடங்கு.

இன்னொன்று. உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள். தினம் 6 கிமீ, 25 நாள், 150 கிமீ. கொழும்பு போய்வர 800 கிமீ. மாதத்தின் 950இல் 800 கொழும்புப் பாதையில் போகிறது. பள்ளிக்கூட ஓட்டத்தை மனதில் வைத்துக் கார் தேடுகிறீர்கள், பெற்றோல் எரிவது வேறு இடத்தில்.

2025.03.15, வாசகர் ஒருவர்

நகரத்தில 12 ஓடுற கார் 20 ஓடினா லீற்றருக்கு 8 கிமீ லாபம். வெளியில 22 ஓடுறது 25 ஓடினா 3 கிமீதான் லாபம். அப்ப நகரத்துக் கணக்குத்தானே முக்கியம்?

2025.03.15

லீற்றருக்கு எத்தனை என்று பார்ப்பதால் வரும் மயக்கம் இது. 100 கிமீக்கு எத்தனை லீற்றர் என்று திருப்பிப் போடுங்கள். மேலே உள்ள ஓட்டத்துக்கு நீங்கள் சொன்ன எண்களையே வைத்தால், நகரத்தின் 150 கிமீக்கு 12.5 லீற்றர் 7.5 ஆகும், மிச்சம் 5. கொழும்புப் பாதையின் 800 கிமீக்கு 36.4 லீற்றர் 32 ஆகும், மிச்சம் 4.4. ஏறக்குறைய சமம்.

அதேபோல 10 ஓடும் காரை 12 ஆக்கினால் 100 கிமீக்கு 1.67 லீற்றர் மிச்சம். 30 ஓடும் காரை 36 ஆக்கினால் 0.56 மட்டுமே. 33க்கும் 36க்கும் நடுவில் தலையைப் போட்டு உடைத்துக்கொள்வதில் பயனில்லை.

சராசரி எடுப்பதும் இப்படித்தான். ஒரு 100 கிமீ 10 ஓடி, அடுத்த 100 கிமீ 20 ஓடினால் சராசரி 15 இல்லை. 10 லீற்றரும் 5 லீற்றரும் சேர்ந்து 15 லீற்றர், 200ஐ அதனால் பிரித்தால் 13.3.

2025.03.19

ஏசி. ஜப்பானின் இந்தச் சோதனைகளில் ஏசி போடுவதில்லை. இங்கே ஏசி இல்லாமல் மதியத்தில் யாரும் ஓடுவதில்லை. கற்றலொக் வரிசை நம் தெருவில் தலைகீழாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஏசி பெற்றோல் குடிப்பது மணிக்கணக்கில், கிமீ கணக்கில் இல்லை. உதாரணத்துக்கு மணிக்கு 0.4 லீற்றர் என்று வையுங்கள். 60இல் போகும்போது 100 கிமீக்கு 0.7 லீற்றர் கூடும். 15இல் ஊரும்போது 2.7 லீற்றர் கூடும். நெரிசலில்தான் ஏசி காசைத் தின்னும்.

அக்வா, பிரியஸ் இரண்டிலும் ஏசி கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடும். எஞ்சின் நின்றாலும் குளிர் வரும். வேகன் ஆரில் பட்டியில் ஓடும். எஞ்சின் நின்றால் கொம்பிரசரும் நிற்கும். சுசுகி அதற்காகக் குளிரைச் சேமித்து வைக்கும் பொருளை ஏசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறது. நம் வெயிலில் அது சிறிது நேரம்தான் தாங்கும், பிறகு எஞ்சின் திரும்ப இயங்கும். வேகன் ஆரில் எஞ்சின் நிற்பதே அரிதாகிவிட்டால் பற்றரியையும் பாருங்கள். நிற்கும் இடத்தில் எஞ்சின் தானே நின்று திரும்ப இயங்கும் கார்களுக்கு கே-42, எம்-42 என்ற குறியோடு தனி வகைப் பற்றரி உண்டு. விலை குறைவு என்று சாதாரணப் பற்றரி போட்டால் சில மாதத்தில் அந்த வசதி தானே ஒதுங்கிவிடும்.

2025.03.22

அளக்கும் முறை சரியில்லாமல் ஒப்பிட முடியாது. அதே செட், அதே பம்ப், குழாய் முதல் தடவை ‘டக்’ என்று நின்றவுடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் அமுக்கி ஊற்ற விடாதீர்கள். குழாய் நிற்கும் இடம் ஒரு லீற்றர் முன்பின் ஆகலாம். 10 லீற்றர் அடித்துக் கணக்குப் பார்த்தால் 10 வீதப் பிழை. 30 லீற்றருக்கு அது 3 வீதம். ஆகவே தாங்கி முக்கால்வாசி இறங்கிய பிறகு அடியுங்கள், மூன்று முறை அடித்த லீற்றரையும் ஓடிய தூரத்தையும் கூட்டி ஒரே தடவையில் பிரியுங்கள். வேகன் ஆரின் தாங்கி 27 லீற்றர்தான், அதற்கு நாலைந்து முறை வேண்டும். அக்வா 36.

திரையில் ‘ஹெய்கின் நென்பி’ என்று வருவது சராசரி. அதை நம்பி இரண்டு காரை ஒப்பிடாதீர்கள். ஒரே காரில் இந்த வாரத்தையும் போன வாரத்தையும் ஒப்பிட அது போதும்.

2025.03.23, வாசகர் ஒருவர்

வேகன் ஆர் வைச்சிருக்கிறன். ரயர் மாத்தினதில இருந்து ஓட்டம் குறைஞ்சுபோச்சு. முந்தி 155/65ஆர்14, இப்ப 165/65ஆர்14.

2025.03.23

ஒரு பகுதி உண்மையான குறைவே இல்லை. 155/65ஆர்14இன் விட்டம் 557 மிமீ, 165/65ஆர்14 570 மிமீ. உங்கள் சில்லு ஒரு சுற்றில் 2.3 வீதம் கூடத் தூரம் போகிறது, ஓடோமீற்றருக்கு அது தெரியாது. நீங்கள் கணக்குப் பார்த்த எண்ணை 1.023ஆல் பெருக்குங்கள். அதற்குப் பிறகும் குறைவாக இருந்தால் அது அகன்ற ரயரின் இழுவையும் எடையும். காற்று அழுத்தத்தைக் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். கேபிஏயில் இருக்கும். 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35. காலையில், ஓட முன்னர் அளக்க வேண்டும்.

2025.03.29

கராஜில் நடக்கும் சில வேலைகளால் நல்ல காரும் குடிக்கத் தொடங்கும்.

தெர்மோஸ்ராற்றை (எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாத வால்வு) கழற்றிவிடுவது. ‘வெயில் நாட்டுக்குத் தேவையில்லை’ என்று சொல்லுவார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும், சூடேறாத எஞ்சினை ஹைபிரிட் நிறுத்தாது. ஓபிடியில் (காரில் செருகி எஞ்சினின் அளவுகளைப் படிக்கும் கருவி) தண்ணீர் வெப்பம் 80ஐத் தாண்டி நிற்க வேண்டும். தாண்டாமல் பி0128 (P0128) என்ற பிழைக்குறி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தடித்த ஒயில். 0டபிள்யூ-20 எழுதியிருக்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது. அளவு கோலின் மேற்கோட்டுக்கு மேலும் விடக்கூடாது.

ஹைபிரிட்டில் பிரேக் கட்டை அதிகம் தேயாது, அதனாலேயே கலிப்பரின் வழுக்கு ஊசிகள் காய்ந்து இறுகும். 10 கிமீ பிரேக் குறைவாகப் பிடித்து ஓடி நிறுத்திவிட்டு நாலு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் உரசுகிறது.

அக்வா, பிரியஸில் பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கையை ஒட்டிய துவாரத்தால் போகிறது. இருக்கை உறையும் பையும் அதை மூடும், தூசி விசிறியை அடைக்கும். சூடேறிய பற்றரி கொஞ்சமாகத்தான் வாங்கும், கொஞ்சமாகத்தான் கொடுக்கும். எஞ்சின் அந்தக் குறையை நிரப்பும்.

நெரிசலில் கியரை ‘என்’னில் (நியூட்ரல்) போடும் பழக்கம். ரொயோட்டா ஹைபிரிட் ‘என்’னில் பற்றரியை ஏற்றாது. ஏசி மட்டும் அதை இறக்கிக்கொண்டே இருக்கும். ‘டி’யில் பிரேக் பிடித்து நில்லுங்கள்.

ஒக்ரேன் 95 அடித்தால் கூட ஓடும் என்பதற்கு ஆதாரமில்லை. ஜப்பானின் சாதாரணப் பெற்றோலின் குறைந்த ஒக்ரேன் 89. அதற்குச் செய்த எஞ்சினுக்கு 92 தாராளம்.

2025.04.02, கண்டியில் இருந்து ஒருவர்

மலைப் பக்கத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் எடுபடுமா?

2025.04.02

ஏற்றத்துக்குத் தனியே கணக்கிருக்கிறது. ஆட்களோடு 1200 கிலோ வரும் காரை 500 மீற்றர் உயரம் ஏற்ற 5.9 மெகாஜூல் வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாஜூல், அதில் 30 வீதம் சில்லுக்கு வருகிறது என்று வைத்தால் 0.6 லீற்றர். கடுகண்ணாவை ஏறிக் கண்டி போனால் தட்டைப் பாதையைவிட அவ்வளவு கூடும். நுவரெலியாவின் 1868 மீற்றருக்கு 2.3 லீற்றர்.

இறங்கும்போது ஹைபிரிட் எல்லாவற்றையும் திருப்பித் தராது. அக்வா பற்றரி 144 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி. முழுக்கக் கூட்டினாலும் 3.4 மெகாஜூல், அதில் பாதிக்கும் குறைவான அளவைத்தான் கார் பாவிக்கும். நுவரெலியாவில் இருந்து இறங்கத் தொடங்கிக் கொஞ்சத் தூரத்திலேயே அது நிரம்பிவிடும். அதன் பின் கியரை ‘பி’யில் (B, நிறுத்தும் P இல்லை) போட்டு எஞ்சினால் பிடிக்க வேண்டியதுதான்.

2025.04.06, முதலில் கேட்டவர்

அப்ப எனக்கு அக்வா எண்டுதான் விளங்குது. ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். போய்ப் பாக்கேக்க என்னத்தைக் கவனிக்க?

2025.04.06

உங்கள் 950 கிமீக்கு அக்வா சரி. காலையில் போங்கள், விற்பவர் முன்கூட்டியே இயக்கி வைக்கக்கூடாது என்று சொல்லி வையுங்கள். எஞ்சின் முதல் சில விநாடி உலுக்கினால் விலகுங்கள். ஈஜிஆர் வழி (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் குழாய்) கரியால் அடைத்திருக்கலாம், அல்லது ஹெட் கஸ்கெற் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்திருக்கலாம். தண்ணீர்க் குப்பியின் மட்டத்தை ஓட முன்னும் ஆறிய பின்னும் பாருங்கள்.

சூடேறிய பின் நின்ற இடத்தில் ஏசியைச் சின்னதாகப் போட்டு ‘டி’யில் பிரேக்கோடு இருங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். திரையில் பற்றரி அளவைக் காட்டும் கட்டைகள் மெல்ல இறங்க வேண்டும். சில நிமிடத்தில் மளமளவென்று இறங்கி, எஞ்சின் வந்து மளமளவென்று ஏற்றி, திரும்பவும் அதே கதை என்றால் பற்றரி களைத்துவிட்டது. ஓபிடி கருவி கொண்டுபோனால் பற்றரிப் பகுதிகளின் வோல்ட்டேஜை வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். நன்றாக மிதித்து எடுக்கும்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கினால் அந்தப் பகுதி போய்க்கொண்டிருக்கிறது. பின் இருக்கைத் துவாரத்துக்குள் கைபேசி வெளிச்சம் அடித்துப் பாருங்கள், தூசியை விரலால் தொட்டுப் பாருங்கள். பின்னால் இருந்து விசிறி இரைந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஏலத்தாளின் தரத்தையும் கதவுத்தூணில் இருக்கும் ரயர் அளவையும் இங்கே எழுதுங்கள். இப்போது போட்டிருக்கும் ரயரின் அளவும் வேண்டும்.